ட்ரிங்கோமலி கப்பல் மாடல்: 1845க்குப் பிந்தைய பின்புற வரைபடம் தேவை

வணக்கம். பிரிட்டிஷ் கடற்படையின் 'ட்ரிங்கோமலி' கப்பலை 1:96 அளவில் மரத்தில் செய்கிறேன். பின்புறத்தில் வேலை அப்படியே நின்றுவிட்டது.

பெயர்தான் திருகோணமலை. கட்டியது பம்பாயில், வாடியா குடும்பத்தார், மலபார் தேக்கில். 1817 அக்டோபரில் நீரில் இறக்கியபோது 38 பீரங்கிக் கப்பல் என்று கணக்கு. 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் சண்டைக்கு வேலையில்லாமல் ஓரங்கட்டிவிட்டார்கள். 1845இல்தான் பீரங்கிகளைக் குறைத்து, பின்புறத்தையும் மாற்றி, 26 பீரங்கி கார்வெட் (சிறிய வகைப் போர்க்கப்பல்) ஆக்கினார்கள். நான் செய்ய நினைப்பது 1852 முதல் 1857 வரை பசிபிக்கில் இருந்த கோலம். கிரிமியப் போர்க் காலம் அதில்தான் வருகிறது.

நான் வாங்கிய கிட்டில் (மாடல் செய்யும் பாகங்களின் தொகுப்பு) வந்த பின்பலகை தட்டையானது, அதாவது 1817 வடிவம். ஜன்னல் சட்டங்களை ஒட்டிப் பார்த்தேன், பக்கவாட்டு வளைவோடு சேரவே இல்லை. கிட் விற்றவரிடம் கேட்டால் "படத்தில் உள்ளபடி ஒட்டுங்கள்" என்கிறார். இந்தக் கப்பல் சேர்ந்த லீடா வகைக் கப்பல்களின் பொது வரைபடங்கள் கிடைத்தன, எல்லாம் பழைய வடிவம். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இப்போது நிற்கும் இதே கப்பலின் புகைப்படங்களை வைத்து வரையலாம்தான். ஆனால் எல்லாம் கீழிருந்து எடுத்தவை, அளவு பிடிபடவில்லை. அப்புறம், நேரில் போய் அளக்க விசாவும் பணமும் வேண்டுமே!

மேல்தளம் மூடவில்லை, வார்னிஷும் அடிக்கவில்லை. அதனால் திருத்த இடமிருக்கிறது.

1845 மாற்றத்துக்குப் பிந்தைய பின்புறத்தின் அளவுள்ள வரைபடம் எங்கே கிடைக்கும்?