நாலு மணி அலாரம்

நேரசூசி போட்டு அதன்படியே படித்து முடித்தவர் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், வீடு தேடி வந்து கும்பிடுகிறேன்.

நான் 2015 ஓகஸ்டில் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எடுத்தவன், ஊர் கிளிநொச்சிப் பக்கம். சித்திரை வருசப்பிறப்பு முடிந்த கையோடு பிறிஸ்டல் போட் வாங்கி, நீலம் இணைந்த கணிதத்துக்கு, சிவப்பு பௌதிகவியலுக்கு, பச்சை இரசாயனவியலுக்கு என்று அடிமட்டம் வைத்துக் கீறி, பிழைத்த கோட்டை பிளேட்டால் சுரண்டி, ஒரு முழுச் சனிக்கிழமை அதிலேயே போனது. ஒரு வரி படிக்கவில்லை. ஆனால் படித்த களைப்பு இருந்தது!

விடிய நாலு மணிக்கு அலாரம் அடிக்கும், அம்மா எழும்பிவிடுவா. தேத்தண்ணி ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்து, "எழும்பு மோனை, நாலரையாகுது" என்பா. நான் மேசைக்கு வந்து மடக்கை வாய்ப்பாட்டின் மேல் தலையை வைப்பேன், கண் முழிக்கும்போது பனங்கட்டியை எறும்பு மொய்த்திருக்கும்.

தவறிய நேரத்தை அடுத்த நாளில் ஏற்றிக்கொண்டே போக, இரண்டாம் கிழமை முடிய நாற்பது மணித்தியாலம் கடன், லீசிங் கட்டாத மோட்டார் சைக்கிள் மாதிரி. சரி என்று பழையதைக் கிழித்துப் புதிது கீறுவேன். ஜூலைக்குள் மூன்று நேரசூசி. மூன்றும் முதல் அலகில் தொடங்கியதால் வேணியர் இடுக்கிமானி வாசிப்பை நித்திரையிலும் சொல்வேன், ஓட்டமின்னியல் பக்கங்கள் மட்டும் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தன.

உண்மையில் படித்தது வயலில்தான். சிறுபோக நெல்லுக்குப் பன்றிக் காவல், இரவில் அப்பாவோடு கொட்டிலில் இருக்க வேண்டும். போனுக்குச் சிக்னல் இல்லை, கண் அயர்ந்தால் அப்பா ஏசுவார், வேறு வழியில்லாமல் கடந்தகால வினாத்தாள்களைக் கொண்டுபோய் டோர்ச் வெளிச்சத்தில் செய்யத் தொடங்கினேன். பௌதிகவியல் பல்தேர்வு 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். நடுவில் அப்பா தகரத்தைத் தட்டி "ஊ" என்று கத்துவார், செய்த கணக்கு எங்கே நின்றது என்றே தெரியாது, திரும்ப முதலில் இருந்து. நேரசூசியில் அந்த நேரத்துக்கு நான் எழுதியிருந்தது 'நித்திரை'.

இப்போது கடைசித் தங்கச்சி போனில் ஏதோ ஆப் போட்டு, கலர் கலராக, நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறாள். அம்மா இன்னும் எழும்புகிறா. தேத்தண்ணியை மட்டும் இப்போது தானே குடித்துவிடுகிறா.