பாப்பா குழு: பகல் தூக்கத்துக்காக ஒரு வாரம்

செவ்வாய்க்கிழமை

காலை 10.41, பாப்பா அம்மா: இன்றைக்கும் அப்படியேதான். 10.05க்குக் கண் மூடினாள், 10.38க்கு விழித்துவிட்டாள். 33 நிமிடம். நேற்று 31. தொட்டில் பக்கத்தில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அத்தையும் மாமாவும் நாள் முழுக்க எப்படிச் சமாளிப்பார்கள் என்று நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது.

காலை 10.50, பாட்டி: எங்களைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாய்? பகலில் தூங்காவிட்டால் போகட்டும் அம்மா. நன்றாக விளையாட விடு. களைத்துப் போனால் இரவில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். உன் கணவனை அப்படித்தான் வளர்த்தேன்.

காலை 10.52, பாப்பா அம்மா: அப்படியும் பார்த்துவிட்டேன் அத்தை. ஞாயிற்றுக்கிழமை மாலைத் தூக்கத்தையே விட்டுவிட்டோம். இரவு ஒரு மணி நேரம் கதறிய பிறகுதான் தூங்கினாள். விடிகாலை 4.45க்கு எழுந்துவிட்டாள்.

காலை 11.15, பெரியம்மா: இங்கே நேர்மாறு. என் மகன் பிற்பகல் 3 மணிக்குப் படுத்தால் 5 மணி வரை எழுவதில்லை. பிறகு இரவு 10.30 ஆனாலும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். அவனுக்கு இரண்டு வயது பத்து மாதம். பகல் தூக்கத்தையே நிறுத்திவிடலாமா?

காலை 11.40, சின்னப் பாட்டி: குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பாப்பாவுக்கு ஏழு மாதம். இந்த வயதில் ஓர் உறக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடத்தில் முடிந்துவிடும், நமக்கு அது 90 நிமிடம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லாக் குழந்தைகளும் பாதி விழிப்பார்கள். முனகுவார்கள், கையை உதறுவார்கள், கண்ணைக்கூடத் திறப்பார்கள். அந்த நேரத்தில் நாம் பாய்ந்து தூக்கினால் பாதி விழிப்பு முழு விழிப்பாகிவிடுகிறது. உனக்கு அப்படித்தான் நடக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நாளைக்கு ஒரு முறை மட்டும், முனகல் கேட்டதும் எழாமல் இரண்டு நிமிடம் காத்திருந்து பார். வீறிட்டு அழுதால் போய்த் தூக்கிக்கொள். அழவிட்டுப் பழக்கச் சொல்லவில்லை.

அக்கா, நீ சொல்வது பெரிய பிள்ளைகளுக்குப் பொருந்தும். கைக்குழந்தைக்குப் பொருந்தாது. அளவுக்கு மீறிக் களைத்த கைக்குழந்தை தூங்கவும் முடியாமல் விழித்திருக்கவும் முடியாமல் தவிக்கும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான்.

காலை 11.48, பாட்டி: அப்படியானால் எப்போது படுக்க வைப்பது? கடிகாரம் பார்த்தா?

மதியம் 12.05, சின்னப் பாட்டி: கடிகாரம் ஒரு கண்ணில், குழந்தையின் முகம் இன்னொரு கண்ணில். ஏழு மாதக் குழந்தையால் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம் விழித்திருக்க முடியும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனதும் முகத்தைப் பார்க்கத் தொடங்கு. அதுவரை பொம்மையைத் துரத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று அடங்கிப்போவாள். ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பாள். நீ முகத்துக்கு நேராகப் போய்ச் சிரித்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். சில குழந்தைகளுக்குப் புருவத்தைச் சுற்றி இலேசாகச் சிவக்கும். அதுதான் வேளை. கண்ணைக் கசக்கி, காதைப் பிடித்து இழுத்து, அழத் தொடங்கிவிட்டால் அந்த வேளை தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மதியம் 12.09, பாப்பா அம்மா: புருவம் சிவக்கும் சின்ன அத்தை! நான் அதைக் கொசுக்கடி என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன்.

மதியம் 1.20, பாப்பா அப்பா: இடைவேளையில் படித்தேன். எனக்கு ஒரு கேள்வி. அவளுக்கு மொத்தத்தில் தூக்கம் போதவில்லையா? நேற்று நாங்கள் எழுதி வைத்த கணக்கு: பகலில் 31, 40, 37, 32 நிமிடம், ஆக 2 மணி 20 நிமிடம். இரவு 8.15லிருந்து காலை 6.15 வரை, நடுவில் பால் கொடுத்த 40 நிமிடத்தைக் கழித்தால் 9 மணி 20 நிமிடம். கூட்டினால் 11 மணி 40 நிமிடம்.

மதியம் 1.45, சின்னப் பாட்டி: நான்கு முதல் பதினொரு மாதம் வரை, பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உன் மகளுக்குக் குறைவது 20 நிமிடம்தான். ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு கட்டாதே, ஒரு வாரத்தைக் கூட்டிப் பார். எடை ஏறுகிறது, விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்றால் மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

மதியம் 1.52, பாப்பா அப்பா: சித்தி, இதைப் படித்ததும் மூச்சு வந்தது. அவள் ஒரு வாரமாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

மதியம் 2.30, பெரியம்மா: என் மகனுக்கு என்ன செய்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

மதியம் 2.50, சின்னப் பாட்டி: மறக்கவில்லை அம்மா. அவனுக்கு என் அக்கா சொல்வதுதான் சரி. இரண்டு வயதுக்கு மேல் பகலில் அதிக நேரம் தூங்கினால், அதுவும் மாலை வரை தூங்கினால், இரவுத் தூக்கம் தள்ளிப்போகும். உடனே நிறுத்த வேண்டாம். மதியம் 12.30க்குப் படுக்க வை, 2 மணிக்குள் மெதுவாக எழுப்பிவிடு. பத்து நாள் பார். அப்படியும் இரவு தாமதமானால் ஒரு மணி நேரமாகக் குறை. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பெரும்பாலான குழந்தைகள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். தூக்கம் வராத நாளில் அடித்துப் பிடித்துப் படுக்க வைக்காதே. புத்தகத்தோடு அரை மணி நேரம் அமைதியாக இருந்தாலே போதும்.

மதியம் 2.58, பாட்டி: ஒன்றிலாவது நான் சொன்னது சரியாக இருக்கிறதே, சந்தோஷம்.

புதன்கிழமை

பிற்பகல் 3.20, பாட்டி: (படம்) பாருங்கள், தாத்தாவும் பேத்தியும் சோபாவில் எப்படித் தூங்குகிறார்கள் என்று. 40 நிமிடம் ஆகிறது!

பிற்பகல் 3.21, பெரியம்மா: ஐயோ, என்ன அழகு!

பிற்பகல் 3.23, சின்னப் பாட்டி: அக்கா, பாப்பாவை உடனே தூக்கித் தொட்டிலில் விடு. விட்டுவிட்டு மற்றதைப் படி.

பிற்பகல் 3.24, சின்னப் பாட்டி: பார்த்தாயா? போனில் அழைக்கிறேன், எடு.

பிற்பகல் 3.31, பாட்டி: விட்டுவிட்டேன். எழுந்து அழுதாள், இப்போது அடங்கிவிட்டாள். நீ பேசிய பதற்றத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பிற்பகல் 3.45, சின்னப் பாட்டி: பயமுறுத்தியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் அந்தப் படத்தில் பாப்பாவின் முகம் அத்தானின் கைக்கும் சோபாவின் முதுகுப் பக்கத்துக்கும் நடுவில் இருந்தது. பெரியவர் அயர்ந்ததும் பிடி தளர்ந்துவிடும். குழந்தை அந்த இடுக்கில் சரிந்தால் மூக்கு அழுந்தும், தன்னால் தலையைத் தூக்கி விடுவித்துக்கொள்ளவும் முடியாது, சத்தமும் வராது. கைக்குழந்தைக்கு ஆபத்தான உறங்குமிடங்களில் சோபா முதல் வரிசையில் நிற்கிறது. விழித்திருக்கும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மார்பில் போட்டுக்கொள்ளுங்கள் அத்தான். உங்களுக்குக் கண் சொக்கினால் மட்டும் அவளைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

பிற்பகல் 4.02, தாத்தா: தவறு என்னுடையதுதான். எப்போது கண் அயர்ந்தேன் என்றே தெரியவில்லை. இனி நடக்காது.

மாலை 4.10, பாப்பா அம்மா: மாமா, உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் இரண்டு முறை அப்படித் தூங்கியிருக்கிறேன். சின்ன அத்தை, தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தாலும் அவளே குப்புறப் புரண்டுவிடுகிறாள். ஒவ்வொரு முறையும் திருப்ப வேண்டுமா?

மாலை 4.30, சின்னப் பாட்டி: நீங்கள் படுக்க வைக்கும்போது எப்போதும் மல்லாக்க. இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தையைத் திருப்பிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ஆனால் மெத்தை சமமாக, உறுதியாக இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். அமெரிக்காவில் 1994இல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாடு முழுக்கச் சொல்லத் தொடங்கினார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குப்புறப் போடச் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மாலை 6.15, பாப்பா அப்பா: காரில் போகும்போது குழந்தை இருக்கையிலேயே தூங்கிவிடுகிறாளே, அது?

மாலை 6.40, சின்னப் பாட்டி: பயணத்தில் தூங்கட்டும். வீடு வந்ததும் தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை என்று தொட்டிலுக்கு மாற்று. உட்கார்ந்த நிலையில் தலை முன்னால் தொங்கினால் மூச்சுப் பாதை மடங்கும்.

வெள்ளிக்கிழமை

இரவு 9.05, பாப்பா அம்மா: மூன்று நாளாக ஒரே முறையைக் கடைப்பிடிக்கிறோம். டயப்பர் மாற்றுவது, திரையை இழுத்து மூடுவது, ஒரே பாட்டை இரண்டு முறை பாடுவது, பாதித் தூக்கத்தில் தொட்டிலில் விடுவது. மொத்தம் பத்து நிமிடம். இன்று திரை வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டதுமே தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள்! ஆனால் தூக்கம் இன்னும் 35, 40 நிமிடம்தான்.

இரவு 9.20, பாப்பா அப்பா: அந்த அரை மணி நேரமும் வீண்போகவில்லை. ஜெர்மனியில் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. ஆறு மாத, பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரு கைப்பொம்மையின் கையுறையைக் கழற்றி ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் குறைந்தது 30 நிமிடம் தொடர்ந்து தூங்கிய குழந்தைகள் பார்த்ததை நினைவில் வைத்துச் செய்தார்கள். தூங்காத குழந்தைகளால் முடியவில்லை.

இரவு 9.24, பாப்பா அம்மா: 30 நிமிடமா? அப்படியென்றால் அவள் தினமும் நான்கு முறை பாடம் படித்து முடிக்கிறாள்.

இரவு 9.40, பெரியம்மா: என் மகன் இன்று 12.40க்குப் படுத்தான். 2 மணிக்கு எழுப்பியபோது அரை மணி நேரம் சிணுங்கினான். இரவு 8.50க்குத் தூங்கிவிட்டான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் சூடாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை

காலை 8.10, பாப்பா அம்மா: கிளம்பிவிட்டேன். வாசலில் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். 6.20க்கு எழுந்தாள் அத்தை. 8.10லிருந்து முகத்தைப் பாருங்கள்.

காலை 8.34, பாட்டி: புருவம் சிவந்துவிட்டது. திரையை மூடுகிறேன்.

காலை 8.47, பாட்டி: தூங்கிவிட்டாள். உன் மாமா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

காலை 9.24, தாத்தா: 37ஆவது நிமிடத்தில் முனகினாள். எழுந்தேன். உள்ளே போக ஓரடி எடுத்து வைத்துவிட்டேன். கதவு இடுக்கில் பார்த்தால் கண் மூடித்தான் இருந்தது. ஒரு கால் மட்டும் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. அப்படியே நின்று எண்ணினேன். எண்பது வரை வந்தபோது கால் நின்றது. பெருமூச்சு ஒன்று விட்டாள். இப்போது மறுபக்கம் திரும்பித் தூங்குகிறாள்.

காலை 9.25, பாப்பா அப்பா: அப்பா!

காலை 9.26, சின்னப் பாட்டி: அத்தான், நல்ல நர்ஸ் அதைத்தான் செய்வாள்.

காலை 9.50, பாப்பா அம்மா: இன்னுமா தூங்குகிறாள்? இங்கே வேலையே ஓடவில்லை.

காலை 9.52, தாத்தா: 65 நிமிடம். மூச்சு சீராக இருக்கிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன். நீ நிம்மதியாக வேலையைப் பார் அம்மா.

காலை 10.03, பாட்டி: 10.01க்கு எழுந்தாள். 74 நிமிடம். அழவில்லை, தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்துவிட்டேன், அறை முழுக்க வெளிச்சம். இப்போது என் கண்ணாடியை இழுக்கிறாள், அப்புறம் எழுதுகிறேன்.