புதுப்பிப்பு: கம்பிரியா கடற்கரையில் கிளாஸ் 37 (நவம்பர் 2018)

வடமேற்கு இங்கிலாந்தில் கம்பிரியா கடற்கரையோரம் ஓடும் கார்லைல்–பாரோ பாதையில் பயணிகள் ரயில் இழுத்த கிளாஸ் 37 டீசல் என்ஜின்களை எங்கே நின்று படம் எடுக்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். அந்தப் பாதையில் உள்ள பார்ட்டன் ஊருக்குப் போகச் சொன்னவர்களுக்கு முதலில் நன்றி. போய் வந்தேன், அருமையான இடம்.

தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது. கடல் மேற்கே இருப்பதால் மதியத்துக்கு மேல் போனால்தான் வெளிச்சம் கடல் பக்கத்திலிருந்து வண்டி மேல் விழும். நவம்பர் வெயில் தாழ்வாக வருவதால் சக்கரங்கள் வரை தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் சீக்கிரமே இருட்டிவிடும், மூன்று மணிக்குள் இடம் பிடித்துவிடுங்கள்.

எனக்குக் கிடைத்தது 37401 என்ற எண் கொண்ட என்ஜின். பழைய அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரயிலின் நீலம், பக்கவாட்டில் பெரிய சின்னம், முகப்பு முழுக்க மஞ்சள். அந்த மஞ்சள்தான் சிக்கல். வெயில் பட்டால் படத்தில் வெளுத்துப்போகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் ஸ்டாப் குறைத்த பிறகே கதவோரத் துருவும் கண்ணாடிக்குக் கீழே உப்புக்காற்று அரித்த பெயின்ட்டும் படத்தில் வந்தன. எனக்கு வேண்டியதே அதுதான். 1960களில் செய்த வண்டி, பளபளவென்று காட்டினால் பொய்யாகிவிடும்.

அப்புறம், நிலையத்திலிருந்து கிளம்பும் கணம் தவறவிடக்கூடாததாக இருந்தது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 1,750 குதிரைத்திறன் டீசல் என்ஜின் உறுமிக்கொண்டு புகை கக்கியது அப்போதுதான். சில நாள் என்ஜின் பின்னால் நின்று தள்ளியது, எந்தப் பக்கம் என்று முந்தின வண்டியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2018 டிசம்பரில் இந்தச் சேவை நின்றுவிட்டது.