எம்.பி.ஏ. படித்தவர் வட கரோலைனாவில் மார்க்கெட்டிங் ஆசிரியர் உரிமம் பெற முடியுமா?

கேள்வி: கேரி வாசகி
வணக்கம். கோவையில் பி.பி.ஏ.வும், அதன்பின் மார்க்கெட்டிங்கைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு எம்.பி.ஏ.வும் முடித்து, சில ஆண்டுகள் விற்பனைத் துறையில் பணியாற்றினேன். இப்போது கிரீன் கார்டு பெற்று வட கரோலைனாவின் கேரி நகரில் வசிக்கிறேன். இங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் மார்க்கெட்டிங்கைத் தனிப்பாடமாகவே நடத்துகிறார்கள் என்று அறிந்தது முதல், அதைக் கற்பிக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு வலுத்துவருகிறது. இதற்குக் கல்வியியலில் மறுபடியும் ஒரு பட்டம் பெற்றாக வேண்டுமா?

பதில்: பள்ளி ஆசிரியர்
மீண்டும் பட்டம் பெறத் தேவையில்லை. ஆசிரியர் உரிமத்தை இந்நாட்டில் மாநிலங்களே வழங்குகின்றன. வட கரோலைனாவில் உங்களைப் போன்றோருக்கு உரியது, பிற துறையினரை ஆசிரியர் பணிக்கு எடுத்துக்கொண்ட பழைய 'லேட்டரல் என்ட்ரி' முறைக்கு மாற்றாக 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த ரெசிடென்சி உரிமம். ஓராண்டுக்குத் தரப்படும் இதனை இருமுறை புதுப்பிக்கலாம் என்பதால், வகுப்பில் முழுச் சம்பளத்துடன் கற்பித்துக்கொண்டே மூன்று ஆண்டுகளுக்குள் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிடலாம். கற்பிக்கும் பாடத்தில் 24 கிரெடிட் மணிநேரம் (கல்லூரிப் படிப்பை அளக்கும் அலகு) படித்திருக்க வேண்டும், அல்லது பாடத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், உங்கள் எம்.பி.ஏ. இங்கேதான் கைகொடுக்கும். ஆனால் இவ்வுரிமத்தை நீங்களாகத் தனியே பெற்றுவிட முடியாது. உங்களைப் பணியில் அமர்த்தும் பள்ளி மாவட்டமே, அதாவது அப்பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமே, அதைக் கோரும். அதற்குமுன் பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கவும் வேண்டும். ஆகவே வேலை தேடுவதையும் பயிற்சியில் இடம் பெறுவதையும் ஒருசேரத் தொடங்குங்கள்.

பதில்: சார்லட் தமிழன்
அவர் சொன்னவற்றுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. இந்தியப் பட்டங்களை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் அளித்து, பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை பெற வேண்டும். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை மட்டும் காட்டினால், அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்கு நிகரில்லை எனச் சில நிறுவனங்கள் எழுதிவிடுகின்றன, எனவே எம்.பி.ஏ. மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே அனுப்புங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் சான்றுகள் வந்து சேரத் தாமதமாகும் என்பதால், இதை இன்றே தொடங்குவது நல்லது.

கேரி வாசகி
இருவருக்கும் மிக்க நன்றி. வேலை கிடைக்கும்வரை வகுப்பறைக்கு என்னைத் தயார்படுத்திக்கொள்ள ஏதேனும் வழி உண்டா?

பதில்: பள்ளி ஆசிரியர்
உண்டு. மார்க்கெட்டிங் ஆசிரியரே பெரும்பாலும் பள்ளியில் மார்க்கெட்டிங், வணிகம் பயில்வோருக்கான 'டெக்கா' மாணவர் மன்றத்தையும் நடத்துவார். 1946இல் தோன்றிய இவ்வமைப்பின் போட்டிகளில், மாணவர்கள் ஒரு வணிகச் சிக்கலைச் சில நிமிடங்களில் ஆராய்ந்து நடுவர் முன் தீர்வை விளக்குவார்கள். தொழில்துறை அனுபவம் உள்ளவர்களையே நடுவர்களாக அழைப்பதால், அருகிலுள்ள பள்ளிக்கு எழுதித் தன்னார்வலராகச் செல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் விலை நிர்ணயத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை அங்கே நேரில் காணலாம். நேர்காணலில் பேசுவதற்கும் அது உதவும். மாற்று ஆசிரியர் பணிக்கும் உங்கள் பள்ளி மாவட்டத்தில் விண்ணப்பித்துவையுங்கள்.