சி8 கார்வெட் 1எல்டி, 3எல்டி: எது குலுக்காது? சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

நோவைவாசி:
அவசர உதவி தேவை. பழைய சி8 (செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் எட்டாம் தலைமுறை) இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று 1எல்டி, இன்னொன்று 3எல்டி. 3எல்டி டாப் மாடல், அதனால் மெத்தென்று போகும் என்று விற்பவர் சொன்னார். ஓட்டிப் பார்த்தால் நேர்மாறு. ஐ-96 ஹைவேயில் பாலத்து இணைப்பு வரும்போதெல்லாம் முதுகில் குத்துகிறது, 1எல்டி எவ்வளவோ பரவாயில்லை. இரண்டையும் சொகுசுக்கான டூர் மோடில்தான் ஓட்டினேன். மனைவிக்கு இடுப்பு வலி உண்டு, வாரக்கடைசியில் இருவரும் நீண்ட தூரம் போகத்தான் இந்தக் கார். 3எல்டியில் ஏதாவது கோளாறா, இல்லை அதன் சஸ்பென்ஷனே அப்படித்தானா?

கியர்பெட்டி:
எந்த வருட வண்டிகள்? இசட்51 பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ் இருக்கிறதா? மேக்னடிக் ரைடு, அதாவது காந்தத்தால் இறுகி இளகும் ஷாக் அப்சார்பர்? எவ்வளவு மைல் ஓடியிருக்கிறது? இதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது நண்பரே.

ரப்பர்வாசனை:
முதலில் டயரைப் பாருங்கள். பத்துக்கு எட்டு "சஸ்பென்ஷன் புகார்" டயர் புகார்தான் என்பது என் கருத்து. சி8ல் வருவது எல்லாமே ரன்-ஃப்ளாட், காற்று போனாலும் ஓட வேண்டும் என்பதால் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். அதிலும் முன்னால் 35, பின்னால் 30 சீரிஸ், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே ரப்பரே கொஞ்சம்தான். அதில் காற்றையும் கூடுதலாக அடித்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும், ஓட்டிவிட்டு வந்து பார்க்கக் கூடாது.

ஆயில்கறை:
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது, யாரும் பழைய பதில்களைப் படிப்பதில்லை. கடைசி முறையாக எழுதுகிறேன். 1எல்டி, 2எல்டி, 3எல்டி என்பது உள்ளே இருக்கும் சாமான். தோல், ஸ்பீக்கர், கண்ணாடியில் தெரியும் டிஸ்ப்ளே, இவைதான். சஸ்பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சஸ்பென்ஷனுக்குத் தனிக் குறியீடு:
எஃப்இ1 – சாதாரண ஸ்டிங்ரே (சி8ன் அடிப்படை மாடல்), சாதா ஷாக் அப்சார்பர்.
எஃப்இ2 – அதே கார், மேக்னடிக் ஷாக்.
எஃப்இ3 – இசட்51, விறைப்பான ஸ்பிரிங், சாதா ஷாக்.
எஃப்இ4 – இசட்51, மேக்னடிக் ஷாக்.
2020 மாடலில் எஃப்இ2 கிடையாது, மேக்னடிக் வேண்டுமென்றால் இசட்51 எடுத்தே ஆக வேண்டும். 2021ல்தான் தனியாகக் கொடுத்தார்கள். இதுகூடத் தெரியாமல் 495 குதிரைசக்தி கார் வாங்கக் கிளம்புகிறவர்களை என்ன சொல்வது.

தாரணி_டிராய்:
தகவலுக்கு நன்றி ஆயில்கறை சார், ஆனால் கடைசி வரி தேவையில்லை. அவர் மனைவியின் இடுப்பு வலிக்காகக் கேட்கிறார், குறியீட்டுப் பரீட்சை எழுத வரவில்லை. விற்பவரே தப்பாகச் சொல்லும்போது வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

நோவைவாசி அண்ணா, இரண்டிலும் டூர் மோடில் ஓட்டினேன் என்றீர்களே, சாதா ஷாக் இருக்கும் வண்டியில் மோடை மாற்றினால் ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், சத்தம் மாறும், ஷாக் மாறாது. மேக்னடிக் ஷாக்கில் இரும்புத் துகள் கலந்த எண்ணெய் இருக்கிறது, காந்தப் புலம் வந்தவுடன் கெட்டியாகிவிடும், மில்லி விநாடிக் கணக்கில் நடக்கும் வேலை. மோடுக்கு ஏற்ற மாதிரி இறுகுவதும் இளகுவதும் அதில் மட்டும்தான்.

நோவைவாசி:
எல்லோருக்கும் நன்றி. 3எல்டி 2020, சிவப்பு, பின்னால் ஸ்பாய்லர் இருக்கிறது. 1எல்டி 2022. மற்றதெல்லாம் பார்த்துச் சொல்கிறேன்.

கியர்பெட்டி:
இசட்51ல் ஸ்பாய்லர் வரும், ஆனால் அதைத் தனியாக வாங்கியும் மாட்டுவார்கள், அதை நம்ப வேண்டாம். விற்பவரிடம் அந்த வண்டியின் ஒரிஜினல் விலைச் சீட்டைக் கேளுங்கள், ஆப்ஷன் எல்லாம் வரிசையாக இருக்கும். இல்லையென்றால் நாமே அமைத்துக்கொள்ளும் மை மோடு மெனுவுக்குள் போங்கள், சஸ்பென்ஷன் என்று ஒரு வரி இருந்தால் மேக்னடிக், இல்லாவிட்டால் சாதா.

2020, இசட்51, மேக்னடிக் இல்லை என்றால் அது எஃப்இ3. அப்படியானால் கோளாறு எதுவும் இல்லை, அந்த வண்டி அப்படித்தான் போகும். டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்தது.

பனிக்கால_ஓட்டுநர்:
இசட்51 என்றால் டயரும் வேறு. பைலட் ஸ்போர்ட் 4எஸ், கோடை டயர். சாதாரண ஸ்டிங்ரேயில் ஆல்-சீசன். மிச்சிகனில் இதை மறக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் பிடிப்பு குறைந்துவிடும், மைனஸ் 7க்குக் கீழே வண்டியை அசைத்தாலே ரப்பர் வெடிப்பு விடலாம். போன குளிர்காலத்தில் அந்தக் கார் வெளியே நின்றதா என்று கேளுங்கள், டயர் பள்ளங்களுக்கு நடுவே விரலை விட்டுப் பாருங்கள்.

லீஃப்ஸ்பிரிங்_ரசிகர்:
சொல்லப்போனால் முந்தைய தலைமுறை சி7 வாங்குங்கள், இதைவிட நிம்மதி. சி8ல் லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட்டு வண்டியின் குணத்தையே மாற்றிவிட்டார்கள்.

கியர்பெட்டி:
லீஃப் ஸ்பிரிங்கா? லாரியில் இருப்பதுதானே?

லீஃப்ஸ்பிரிங்_ரசிகர்:
இதைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. லாரியில் இருப்பது நீளவாக்கில் எஃகுப் பட்டைகளை அடுக்கியது, அச்சைத் தாங்குவதே அதுதான். கார்வெட்டில் இருந்தது குறுக்கே போகும் ஒற்றைப் பட்டை, சக்கரத்தின் அசைவைக் கட்டுப்படுத்துவது தனிக் கைகள். 1963ல் பின்பக்கம் எஃகில் ஆரம்பித்து, 1981ல் ஃபைபர்கிளாஸ் ஆகி, 1984ல் முன்னும் பின்னும் அதுவே வந்தது. 20 கிலோ எஃகுப் பட்டை இருந்த இடத்தில் 4 கிலோகூட இல்லாத பட்டை. வோல்வோ எக்ஸ்சி90 பின்பக்கத்தில் இதே யோசனைதான், அதை யாரும் லாரி என்று சொல்வதில்லை.

ஆயில்கறை:
இன்ஜினை நடுவுக்குக் கொண்டுபோன பிறகு பின்னால் குறுக்கே பட்டை வைக்க இடம் ஏது? ஏக்கத்துக்காகப் பொறியியலை வளைக்க முடியாது. காயில்-ஓவர் (ஷாக்கைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்) என்றால் உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம், இசட்51ல் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டே மரை போட்டு வருகிறது.

ரப்பர்வாசனை:
அதைத் திருகினால் குலுக்கல் குறையும் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். உயரம்தான் மாறும், ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. அளவுக்கு மேல் இறக்கினால் ஷாக் அசைய இடமில்லாமல் இன்னும் மோசமாகும். என் யோசனை, எஃப்இ3 வண்டியாகவே இருந்தாலும் ரன்-ஃப்ளாட்டை எடுத்துவிட்டுச் சாதா டயர் மாட்டுங்கள், சிறு குலுக்கல் நன்றாகவே அடங்கும். ஸ்டெப்னி வைக்க இடமில்லாத கார், அதனால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும்.

லீஃப்ஸ்பிரிங்_ரசிகர்:
ஏக்கம் இல்லை சார். நான் சி7 வைத்திருக்கிறேன், தினமும் ஓட்டுகிறேன்.

தாரணி_டிராய்:
ஸ்பிரிங் விவாதத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே. அண்ணா, யாரும் சொல்லாத ஒன்று, சீட். 1எல்டியில் ஜிடி1, 3எல்டியில் ஜிடி2. சிலர் காம்பெட்டிஷன் சீட்டும் போட்டிருப்பார்கள், அது இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். என் கணவரின் வண்டி எஃப்இ2, ஜிடி1 சீட், சிகாகோ வரை போய் வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே சாலையில் அவர் தம்பியின் எஃப்இ4, காம்பெட்டிஷன் சீட், பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. எஃப்இ4ல் ஷாக் இளகினாலும் ஸ்பிரிங் இசட்51 ஸ்பிரிங்தான், பள்ளத்தில் விழுந்தால் அது தெரியும். அதனால் மனைவியை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, நல்ல ஹைவேயில் அல்லாமல் உங்கள் வீட்டுப் பக்கம் உடைந்து கிடக்கும் ரோட்டில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். இடுப்பு வலி முதல் பத்து நிமிடத்தில் வராது.

கியர்பெட்டி:
தாரணி சொல்வது சரி. பணக் கணக்கும் ஒன்று உண்டு. 2020ல் இசட்51 பேக்கேஜ் 5,000 டாலர், மேக்னடிக் 1,895. முதலில் வாங்கியவர் அந்த 1,895ஐ மிச்சம் பிடித்திருந்தால் பின்னால் வாங்குகிறவர் அதைச் சேர்ப்பது சுலபமில்லை, ஷாக் மட்டும் மாற்றினால் போதாது, சென்சாரும் வயரிங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். சொகுசுதான் முக்கியம் என்றால் 2021 அல்லது அதற்குப் பிந்தைய எஃப்இ2 தேடுங்கள். அதில் ஒன்று மட்டும் பார்க்க வேண்டும், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று. மேக்னடிக் ஷாக் மாற்றச் செலவு அதிகம்.

ரப்பர்வாசனை:
காற்று பார்த்தீர்களா? அது இன்னும் வரவில்லை.

நோவைவாசி:
வெள்ளி இரவு போய்ப் பார்த்தோம். 3எல்டியில் எஃப்இ3, மை மோடில் சஸ்பென்ஷன் வரி இல்லை. காற்று ஸ்டிக்கரில் இருப்பதைவிட 8 பிஎஸ்ஐ அதிகம், இறக்கிய பிறகு குத்தல் குறைந்தது, ஆனாலும் மனைவிக்கு ஒத்துவரவில்லை. 1எல்டி எஃப்இ1, அது அவருக்குப் பிடித்திருந்தது. அதையே எடுக்கிறோம். தாரணிக்கு மனைவி நன்றி சொல்லச் சொன்னார்.

பனிக்கால_ஓட்டுநர்:
வாழ்த்துகள். 1எல்டியில் ஒரிஜினல் ஆல்-சீசன் டயரா, இல்லை யாராவது மாற்றியிருக்கிறார்களா? டிசம்பருக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

லீஃப்ஸ்பிரிங்_ரசிகர்:
ஆயில்கறை சார், நடு இன்ஜினில் குறுக்குப் பட்டை வைக்கவே முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.