கம்பூட்ஸ் மடிப்பில் வெடிக்கிறது, ஒட்டினால் நிற்குமா?

வணக்கம் நண்பர்களே. தோட்ட வேலைக்கு வாங்கிய கம்பூட்ஸ் (சேற்றில் போடும் உயரமான பூட்ஸ்) இரண்டாவது வருஷமே கணுக்கால் மடியும் இடத்தில் வெடித்துவிட்டது. சேற்றில் இறங்கினால் சாக்ஸ் நனைகிறது. இத்தனைக்கும் முன்பிருந்த ஜோடி ஏழெட்டு வருஷம் உழைத்தது.

தேடிப் படித்ததில் புரிந்தது: இயற்கை ரப்பரை வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அரிக்கும், மடிந்து மடிந்து இழுபடும் இடம்தான் முதலில் கீறும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் செய்த பூட்ஸ் மலிவு, ஆனால் நாளாக ஆக விறைத்துப்போகும். பாலியூரிதேன் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக்கில் செய்தது லேசானது, ஈரக்காற்று பட்டே, போடாமல் மூலையில் வைத்திருந்தாலும், சில வருஷங்களில் உதிர ஆரம்பிக்கலாம்.

என்னுடையது ரப்பர்தான். அடிப்பாகம், உள்துணி எல்லாம் புதிது மாதிரி இருப்பதால் தூக்கிப் போட மனசு வரவில்லை. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் தேய்த்து ஒட்டினால் மடிப்பில் தாங்குமா? யாராவது ஒட்டிப் பார்த்திருந்தால் எத்தனை நாள் நின்றது என்று சொல்லுங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், கையில் எடுத்து மடக்கிப் பார்த்தே தரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? தினமும் போடுகிறவர்கள் பதில் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.