பெட்டிக்குள் மிகையழுத்தமும் குறையழுத்தமும்: ஒரு சொல்லிணைப் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுக் கணினிப் பெட்டிகளின் காற்றோட்டம் பற்றிய கையேட்டுக்காக, பாசிட்டிவ் பிரஷர், நெகட்டிவ் பிரஷர் என்னும் இணைக்கு ‘நேரழுத்தம்’, ‘எதிரழுத்தம்’ என்ற சொற்கள் சென்ற மடலில் முன்மொழியப்பட்டிருந்தன. சுருக்கமான சொற்கள்தாம்; ஆயினும் இரண்டாவதை ஏற்பதில் எனக்குத் தடையுண்டு. ஓடிவரும் காற்றை வழியிலுள்ள பொருள் மறிக்கும்போது எழுகின்ற அழுத்தத்தையே எதிரழுத்தம் என்ற சொல் இயல்பாக உணர்த்துகிறது, அந்தப் பொருளில் அது இதே கையேட்டில் நமக்குத் தேவைப்படும். தூசு வடிகட்டியும், திரவக் குளிர்விப்பு ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளும் விசிறிக்குக் கொடுப்பது எதிரழுத்தம் அல்லாமல் வேறென்ன? ஒரே பத்தியில் ஒரு சொல் இரு பொருளில் வந்தால், விசிறியை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று ஏற்கெனவே குழம்பியிருப்பவர் மேலும் குழம்புவார்.

நாம் பெயரிட முனைவது ஓர் ஒப்பீட்டை. உள்ளிழுக்கும் விசிறிகள் கொண்டுவரும் காற்று, வெளியேற்றும் விசிறிகள் அகற்றும் காற்றைவிட மிகும்போது பெட்டிக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்று ஏறுகிறது. மிஞ்சிய காற்று இடுக்குகளின் வழியே வெளியே கசிகிறது. எனவே உள்ளே வரும் காற்றில் பெரும்பகுதி வடிகட்டியைக் கடந்தே வருகிறது. வெளியேற்றம் மிகுந்தால் நிலைமை தலைகீழாகிறது: விரிவாக்க அட்டைகளுக்கான பின்புறத் துளைகள், யூஎஸ்பி முகப்பின் ஓரங்கள், பக்கத் தகட்டின் இணைப்பு என வடிகட்டி இல்லாத ஒவ்வோர் இடைவெளியும் தூசுக்கு வாசலாகிவிடுகிறது.

காரணத்தைக் கொண்டே பெயரிடலாம் என்று மற்றொருவர் தந்த ‘உள்மிகை ஓட்டம்’, ‘வெளிமிகை ஓட்டம்’ என்ற இணை முதலில் என்னை மிகவும் கவர்ந்தது. ஆனால் அந்தச் சொற்களைப் படிப்பவர் விசிறிகளை எண்ணத் தொடங்கிவிடுவார் என்று அஞ்சுகிறேன். முன்புறம் மூன்று 120 மி.மீ. விசிறிகளும் பின்புறம் ஒன்றும் இருந்தால் உள்மிகை என்று எளிதில் முடிவுகட்டலாம். அடர்ந்த வடிகட்டியும் மூடிய முகப்புத் தகடும் அந்த மூன்றின் ஓட்டத்தை எவ்வளவு குறைக்கின்றன என்பதும், ஒவ்வொரு விசிறியும் எந்த வேகத்தில் சுழல்கிறது என்பதும் அந்த எண்ணிக்கையில் தெரிவதில்லை. ஆகவே விளைந்த நிலைக்கே பெயர் சூட்டுவது நல்லது.

என் பரிந்துரை ‘மிகையழுத்தம்’, ‘குறையழுத்தம்’ என்பது. ‘உயரழுத்தம்’ என்று ஏன் சொல்லக்கூடாது என்றால், அது கொதிகலனை நினைவூட்டுகிறது. இங்கே பேசப்படும் வேறுபாடோ மிக நுண்ணியது: பெட்டி விசிறி ஒன்றின் உச்ச நிலையழுத்தமே (ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது தடையை மீறிக் காற்றைத் தள்ள விசிறி தரும் அழுத்தம்) பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. நீர்த்தம்பம், அதாவது அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தம், என்ற அளவில்தான் இருக்கும். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 10,300 மி.மீ. நீர்த்தம்பம். சுற்றுப்புறத்தைக் காட்டிலும் சிறிது கூடுதல் என்ற ஒப்பீட்டுப் பொருளை ‘மிகை’ தருவதுபோல ‘உயர்’ தருவதில்லை. ‘மீ’ என்ற முன்னொட்டு மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) போன்ற அசாதாரண நிலைகளுக்கே பொருந்தும். இதற்கு அது பெருஞ்சொல்.

‘குறை’ என்பது பழுது என்றும் பொருள்படுமே என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். குறையழுத்த அமைப்பு பழுதான அமைப்பு அன்று. தூசு கூடுதலாகச் சேரும் என்பதை விட்டால், வரைகலை அட்டையின் சூடான காற்றை விரைந்து வெளியேற்றுவதில் அது பின்தங்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆனாலும், அதே பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளைக் குறைகடத்தி (செமிகண்டக்டர்) என்கிறோம். பழுதான கடத்தி என்று யாரும் அதைப் புரிந்துகொள்வதில்லை.

புழக்கத்தில் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்கச் சில வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். “பின்புற இடுக்கருகே மெல்லிய தாள்துண்டு ஒன்றைப் பிடியுங்கள், அது வெளிப்புறம் தள்ளப்பட்டால் பெட்டியில் மிகையழுத்தம், உள்நோக்கி இழுக்கப்பட்டால் குறையழுத்தம்.” “வடிகட்டியைப் பல மாதங்கள் துடைக்காமல் விட்டால், மிகையழுத்தப் பெட்டியும் மெல்லக் குறையழுத்தப் பெட்டியாக மாறிவிடக்கூடும்.” இரண்டும் என் காதுக்கு இடறவில்லை. பேச்சில் ‘மிகையழுத்தப் பெட்டி’ என்பது சற்று நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேலே ஸ்டாட்டிக் பிரஷருக்கு ‘நிலையழுத்தம்’ என்று எழுதியிருக்கிறேன். மிகையழுத்தம் ஒரு ‘நிலை’ என்றும் நானே சொல்லிவிட்டதால், இவ்விரண்டும் உரசிக்கொள்கின்றன. ஸ்டாட்டிக் பிரஷருக்கு வேறு சொல் வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.